நிலவறைக் கட்டுரைக்கு ஒரு மார்க்

வெள்ளிமலை
14.6.2025

தீனதயாளனுக்கு,

உன் போன் எனக்கு வராமல் இருப்பது சிக்னல் கோளாறு இல்லை. நான்தான் உன்னைத் தடை செய்தேன். எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியாது. என் மகள் அருள்மொழியிடம் சொல்லிச் செய்தேன்.

காரணம் உனக்குத் தெரியும். தெரியாதவன் மாதிரி எழுதுவாய் என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

போன வாரம் எலவனாசூர்கோட்டையில் ஒரு கல்யாணம். பேண்டு வாசித்து முடித்து வேன் படியில் உட்கார்ந்திருந்தேன். பத்திரிகையில் நீ எழுதிய பக்கத்தை அருள்மொழி போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். "தீனா மாமா உன்னப் பத்தி எழுதிக்கிறாருப்பா, செம காமெடி" என்று கூடவே ஒரு வரி.

'ஒன்று வாங்கிய கதை.' இதை நீ முப்பத்தெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். என் கல்யாணத்திலேயே சொன்னாய். செக்கோஸ்லோவாக்கியாவில் நாம் மொழி படித்த வருஷம், நீ எழுதிய கட்டுரைக்கு டீச்சர் 1 என்று மார்க் போட்டாள். அந்த நாட்டில் 1 என்றால் முதல் தரம், 5 என்றால் ஃபெயில். அது தெரியாமல், பத்துக்கு ஒன்றா என்று கொதித்துப்போய், கட்டுரையைக் கையோடு எடுத்துக்கொண்டு பள்ளி முதல்வரிடம் புகார் கொடுக்கப் போனாய். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

கட்டுரையின் தலைப்பு 'என் ஊர்' என்றுதான் இத்தனை நாள் சொல்லிவந்தாய். பத்திரிகையில் 'என் வியாழக்கிழமை' என்று எழுதியிருக்கிறாய். வியாழன்தோறும் நாங்கள் வாசித்த, ரொட்டிக் கடைக்குக் கீழே இருந்த நிலவறை, டிரம்ஸ் பாவெல், பியானோ ஜார்மிலா, டிரம்பெட் நான். எல்லாம் அந்தக் கட்டுரையில் இருந்ததாகப் பெருமையாக எழுதியிருக்கிறாய்.

அந்தக் கட்டுரை முதல்வர் மேசைக்குப் போன ஒன்பதாம் நாள் நிலவறைக்கு போலீஸ் வந்தது. பதினோராம் நாள் என்னை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். இரண்டையும் கூட்டிப் பார்க்க எனக்கு முப்பத்தெட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

இப்போது விஷயம். ஜார்மிலா என் மகளை பேஸ்புக்கில் தேடிப் பிடித்திருக்கிறாள். அக்டோபர் பத்தாம் தேதி அதே நிலவறையில் மறுபடியும் வாசிக்கப் போகிறார்கள். என்னைக் கூப்பிடுகிறாள். பாவெல் ஒத்துக்கொள்ளவில்லை. காட்டிக்கொடுத்தவன் நான்தான் என்று அவன் இன்றுவரை நம்புகிறான். "அவன் உள்ளே வந்தால் நான் குச்சியைத் தொட மாட்டேன்" என்கிறானாம்.

பாவெலுக்கு ஒரு கடிதம் எழுது. நடந்தது நடந்தபடி, ஒரு பக்கம். முதலில் தமிழில் எழுதி எனக்கு அனுப்பு. நான் சரி என்று சொன்ன பிறகு செக் மொழியில் எழுதி அவனுக்கு அனுப்பு. அந்த மொழி உனக்குத்தான் இன்னும் வரும். எனக்கு 'ரொட்டி', 'மன்னிக்கவும்' இரண்டும்தான் மிச்சம்.

போனில் வேண்டாம். போனில் பேசினால் நீ ஏதாவது சொல்வாய், நான் சிரித்துவிடுவேன். அப்படித்தான் இத்தனை வருஷம் தப்பித்தாய். காகிதத்தில் எழுது.

வேடியப்பன்


தியாகதுருகம்
20.6.2025

அன்புள்ள வேடி,

உன் கடிதம் வந்தது. தபால்காரர் பிச்சைமுத்து அதைக் கொடுப்பதற்கு முன் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "கையால எய்துன கடுதாசி பாத்து எத்தினி வருசம் ஆவுது சார். யாருன்னா பூட்டாங்களா?" என்றார். இன்னும் இல்லை, படித்த பிறகு நான் போகலாம் என்றேன்.

தங்கமணி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தே முழுக்கப் படித்துவிட்டாள். மனைவி என்றால் அது கூட இல்லாமலா. படித்துவிட்டு உள்ளே போனாள். என் வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்காத ஒரு மாலையைக் கல்யாணமான நாளாக நான் கண்டதில்லை. அன்று கண்டேன். பயமாக இருந்தது.

நான் மறைத்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அதை ஆட்சேபிக்கிறேன். கதையைச் சுருக்கினேன், அவ்வளவுதான். பந்தியில் இலைக்கு முன்னால் நின்றுகொண்டு 'என் வியாழக்கிழமை' என்று ஆரம்பித்தால், அங்கே ஜாஸ் வாசிப்பதில் என்ன தப்பு என்று விளக்க வேண்டும். தடை என்று யாரும் போர்டு வைக்கவில்லை, அனுமதி வாங்கி வாசிக்கலாம், அனுமதிக்குப் பரீட்சை உண்டு, அதில் தாளத்தைப் பற்றி ஒரு கேள்வியும் மார்க்சைப் பற்றி நான்கு கேள்வியும் வரும் என்றெல்லாம் விளக்க வேண்டும். ஜாஸ் கேட்கிறவர்கள் சேர்ந்து நடத்திய சங்கத்தின் ஆட்களை, நீயும் நானும் போய் இறங்கிய அதே செப்டம்பரில்தான் பிடித்து உள்ளே போட்டார்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் ரசம் ஆறிவிடும். 'என் ஊர்' என்றால் ஒரே நொடி. எல்லாருக்கும் ஓர் ஊர் இருக்கிறது.

நம்மை அனுப்பிவைத்த சர்க்கரை ஆலை யூனியன் தோழரை நினைத்துப் பார். "அங்க பசங்க சொர்க்கத்துல கீறாங்கப்பா, போய்ப் படிச்சிட்டு வாங்க" என்றார். போய்ப் பார்த்தால் சொர்க்கத்துப் பசங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்காவில் ஜாஸ் ரிக்கார்டைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டுவந்து ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். போலீஸ் விசில் கேட்டால் எல்லாரும் ஓடுவார்கள். நாமும் ஓடுவோம். எதற்கு ஓடுகிறோம் என்று முதல் மாதம் நமக்குத் தெரியவே தெரியாது. நீ ஓடின வேகத்தில்தான் பாவெல் உன்னைக் கவனித்தான். என்.சி.சி.யில் பியூகிள் ஊதியவன் என்று தெரிந்ததும், பட்டாளத்துக்குப் போன அவன் அண்ணனுடைய டிரம்பெட்டை உன் கையில் கொடுத்தான். எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து கை தட்டச் சொன்னான். நான் தாளம் தப்பித் தட்டியதால் அதையும் நிறுத்தச் சொன்னான்.

சரி. கேட்ட கடிதம் இதோ:

'மதிப்பிற்குரிய பாவெல் அவர்களே, வெண்பனி பூமாரியாகப் பொழிந்த ஓர் ஏப்ரல் பொழுது. விதியின் விரல்கள் எங்கிருந்தோ நீண்டு, களங்கமற்ற ஒரு மாணவனின் கட்டுரையைக் கவர்ந்து சென்றன. மதிப்பெண் முறையில் நம் இரு நாடுகளுக்கும் இடையே நிலவிய முரண்பாடே அனைத்துக்கும் காரணம். இதில் தனிமனிதர் எவரையும் குறை கூறுவதற்கில்லை. என் நண்பர் வேடியப்பன் பத்தரைமாற்றுத் தங்கம்...'

மீதி ஒன்றரைப் பக்கத்தைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். நன்றாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

உன்
தீனா


வெள்ளிமலை
1.7.2025

தீனா,

உன் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மேலே சிவப்பு மையில் 5 போட்டிருக்கிறேன். இப்போதாவது உனக்கு மார்க் முறை தெரியும் என்று நம்புகிறேன்.

அன்றைக்குப் பனி பெய்யவில்லை. மழை. என் ஷூவில் ஓட்டை இருந்தது, அதனால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விதிக்கு விரல் கிடையாது, உனக்குத்தான் பத்து விரல். நான் தங்கம் என்று யாரும் உன்னிடம் சான்று கேட்கவில்லை. பேண்டு செட்டில் ஊதுகிறவன் நான். என் வாத்தியம் பித்தளை.

ஒரு கேள்வி. அனுமதிச் சீட்டில் நாங்கள் 'சர்க்கரை ஆலை இளைஞர் நடனக் குழு' என்று பதிவு செய்திருந்தோம். அமெரிக்கப் பாட்டை எல்லாம் பெயர் மாற்றி எழுதியிருந்தோம். 'அறுவடை மாலை', 'டிராக்டர்காரியின் காதல்' என்று. பெயர் வைத்தவள் ஜார்மிலா. அது வாசித்த எங்கள் மூன்று பேருக்கும், ஓரமாக உட்கார்ந்திருந்த உனக்கும் மட்டும்தான் தெரியும்.

விசாரணை அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆள் உண்மையான பெயர்களை வரிசையாகப் படித்தான். ஒவ்வொன்றுக்கும் நேராக எங்கள் பொய்ப் பெயர். ஏழு பாட்டு, ஒன்று கூடத் தப்பவில்லை. அவனுக்கு அது எங்கிருந்து கிடைத்தது?

முதல்வர் உன்னிடம் என்ன கேட்டார்? அதை எழுது.

வேடியப்பன்


தியாகதுருகம்
9.7.2025

கனம் நீதிபதி அவர்களுக்கு,

கூண்டில் ஏற்றிவிட்டாய். ஏறுகிறேன். அதற்கு முன் ஒன்று கேட்கிறேன். ஒரு மனிதன் இருபது வயதில் செய்ததற்கு ஐம்பத்தெட்டு வயதில் சிவப்பு மையில் மார்க் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது. சர்க்கரை ஆலையில் முப்பது வருஷம் கெமிஸ்டாக இருந்தவனுக்குச் சர்க்கரை. ஐந்து வருஷம் அந்த ஊரில் பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுப்பது எப்படி என்று படித்துவிட்டு வந்து, இங்கே ஆலை வாசலில் கரும்பு வண்டிகளைப் பார்த்து "கிழங்கு எங்கே?" என்று கேட்டவன் நான். போதாதா? இன்னும் என்ன தண்டனை?

போதாது என்பாய். சரி, கேள்.

அதுவரை அந்த டீச்சர் என் நோட்டில் தப்புகளை எண்ணி எண்ணித்தான் எழுதுவாள். இருபத்தெட்டு, முப்பத்தொன்று என்று. கட்டுரைக்குத்தான் முதன்முதலாக மார்க். இரண்டு வாரம் அகராதியோடு மல்லுக்கட்டி எழுதியது. கீழே நிலவறைக்குப் போகும் படிக்கட்டில் ரொட்டி வாசனை, ஜார்மிலா கையுறையைக் கழற்றாமலே பியானோவைத் தொட்டுப் பார்ப்பது, ஸ்வரம் தப்பும்போதெல்லாம் நீ "ஐயோ" என்பது, அதைக் கேட்டு அந்தக் கூட்டமே "ஐயோ, ஐயோ" என்று சேர்ந்து பாடுவது, பாட்டுகளுக்குப் பெயர் மாற்றி வைத்தது எல்லாம் வந்திருந்தது. நான் வாழ்க்கையில் எழுதிய ஒரே நல்ல எழுத்து அதுதான். அதற்குப் போய் ஒன்று!

முதல்வர் அறைக்குப் போனேன். கத்தினேன். எனக்குத் தெரிந்த செக் சொற்களில் கத்துவதற்கு ஏற்றவை கம்மி. "இது அநியாய ரொட்டி" என்பதுபோல ஏதோ சொன்னேன். அவர் கட்டுரையை வாங்கிப் படித்தார். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தார். இரண்டு தடவை, வேடி! என் எழுத்தை ஒருவர் இரண்டு தடவை படித்தது அன்றுதான். பத்திரிகை ஆசிரியர் கூட இன்றுவரை ஒரு தடவைக்கு மேல் படித்ததில்லை.

"ரொம்ப சுவாரசியம். இந்தப் பாட்டுகளின் பெயரை ஏன் இப்படி மாற்றினார்கள்?" என்று கேட்டார். வாசகர் சந்தேகம் கேட்கிறாரே, தீர்த்துவைக்க வேண்டாமா? சொன்னேன். ஏழு பாட்டின் பெயரையும் சொன்னேன். "இந்த ரொட்டிக் கடை எந்தத் தெரு? எனக்கும் கேட்க ஆசை" என்றார். சொல்லிப் பார்த்தேன், என் உச்சரிப்பு அவருக்குப் புரியவில்லை. தாளை வாங்கி வரைந்து கொடுத்தேன். படிக்கட்டு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டேன். ஒரு சிறிய டிரம்பெட் படமும் போட்டேன்.

கடைசியில் எழுந்து நின்று கை கொடுத்தார். "உங்களுக்குக் கிடைத்திருப்பது முதல் மார்க்" என்று விளக்கினார். நான் சந்தோஷமாக விடுதிக்கு வந்து உன்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். 'என் ஊர்' என்று அன்றே ஏன் சொன்னேன் என்று கேட்பாய். உன்னைக் கேட்காமல் உன்னைப் பற்றி எழுதியதற்குத் திட்டுவாய் என்ற பயத்தில் அப்படிச் சொன்னேன். அவ்வளவுதான். அன்று எனக்கு வேறொன்றும் தெரியாது.

இதைத் தங்கமணியிடமும் சொன்னேன். "இன்னாங்க, படம் வேற போட்டா குடுத்தீங்க?" என்றாள். பிறகு சமையல் கட்டுக்குப் போனவள் திரும்பி வந்து, "அம்புக்குறி வேற?" என்றாள்.

பாவெலுக்கான புதுக் கடிதம் இணைப்பில். விதியை எடுத்துவிட்டேன். முதல்வரை மட்டும் கொஞ்சம் வர்ணித்திருக்கிறேன்.

தீனா


வெள்ளிமலை
22.7.2025

தீனா,

இதற்கு 3. முதல்வரின் மூக்கைப் பற்றி நான்கு வரி எதற்கு? பாவெலுக்கு அந்த மூக்கு வேண்டாம்.

அம்புக்குறியை அருள்மொழியிடம் படித்துக் காட்டினேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்திவிட்டாள்.

நீ பத்திரிகையில் எழுதாத பகுதியை நான் சொல்கிறேன். ஜார்மிலாவை சங்கீதக் கல்லூரியிலிருந்து எடுத்துவிட்டு ஒரு சலவை ஆலையில் துணி பிரிக்கப் போட்டார்கள். பாவெல் ஒரு பள்ளிக்கூடத்தின் கொதிகலனுக்குக் கரி அள்ளினான், அந்த ஆட்சி போகும்வரை, இரண்டரை வருஷம். நான் இங்கே வந்து, வெளிநாட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவன் என்று பெயர் வாங்கினேன். திருடினானா, பொம்பளை விவகாரமா என்று மலையில் ஆளுக்கொரு கதை. மலையிலிருந்து வெளிநாட்டுக்குப் போன முதல் ஆள் நான். ஏழே மாதத்தில் திரும்பி வந்த முதல் ஆளும் நான். அப்பா சாகும்வரை கேட்டார், "இன்னாடா பண்ணிட்டு வந்த?" பாட்டு வாசித்தேன் என்றால் யார் நம்புவார்கள்? பாட்டுக்காக யாராவது அனுப்புவார்களா?

அதற்குப் பிறகுதான் கள்ளக்குறிச்சியில் செல்லமுத்து பேண்டு செட்டில் சேர்ந்தேன். இன்னும் செல்லமுத்து அண்ணன் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார். "மாலை மாத்தற நேரத்துல இன்னாத்துக்குய்யா வளைஞ்சி வளைஞ்சி ஊதற? நேரா ஊது, பொண்ணு பயந்துக்கப் போவுது." நேராக ஊதுகிறேன். ஊர்வலம் திரும்பி வரும்போது, யாரும் கவனிக்காத இடத்தில் ஸ்வரத்தை ஜாஸ் மாதிரி கொஞ்சம் வளைக்கிறேன். செட்டில் இருக்கிற பகலவனும் ஆகாஷும் இப்போது அந்த இடத்துக்காகவே காத்திருக்கிறார்கள். "ண்ணா, வளை வளை" என்கிறார்கள். அவர்களுக்கும் திட்டு விழுகிறது.

பாவெலுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டதாம். இந்த வருஷம் வாசித்தால் உண்டு, அடுத்த வருஷம் இல்லை என்று ஜார்மிலா எழுதியிருக்கிறாள். விசாவுக்குக் காகிதம் கொடுத்துவிட்டேன். விசா கிடைத்தாலும் அவன் இருக்கிற நிலவறைக்குள் அவன் சம்மதம் இல்லாமல் இறங்க மாட்டேன்.

இன்னும் ஒரு கேள்வி. நான் போன பிறகு நீ நான்கு வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தாய். அவர்கள் யாரையும் நீ பார்க்கவே இல்லையா?

வேடியப்பன்


தியாகதுருகம்
4.8.2025

வேடி,

ஆமாம், நேற்று வந்தேன். வந்ததை நீ பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். பார்க்காதது மாதிரி இருந்தாய் என்பதும் தெரியும்.

கச்சிராயப்பாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததிலிருந்து பஸ் ஒவ்வொரு வளைவிலும் என்னை ஜன்னல் கம்பியில் மோதியது. பக்கத்தில் ஓர் அம்மா மடியில் கோழி. அந்தக் கோழி கூட என்னை ஒரு மாதிரி பார்த்தது. வாயால் சொல்லிவிட்டால் முடிந்துபோகும் என்று நினைத்து வந்தேன். கேள்வி கேட்கிறாய், காகிதத்தில்தான் பதில் வேண்டும் என்கிறாய், ஐந்து போடுகிறாய், மூன்று போடுகிறாய். யாரப்பா நீ? முப்பத்தெட்டு வருஷம் என் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் வந்து ஊதினாயே, அப்போதெல்லாம் கேட்காத கேள்வியை இப்போது ஏன் கேட்கிறாய்? எல்லாம் ஒரு நிலவறை, ஒரு ரொட்டிக் கடை, இல்லாமலே போய்விட்ட ஒரு நாடு!

நீ பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் அந்த இரண்டு பேரை வைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தாய். நான் மரவள்ளிக் காட்டு ஓரமாக நின்றேன். கையில் அரை கிலோ மிக்சர். 'டிராக்டர்காரியின் காதல்' வாசித்தாய். பகலவன் தப்பினான். நீ "ஐயோ" என்றாய். அவர்கள் இரண்டு பேரும் "ஐயோ, ஐயோ" என்று பாடினார்கள்.

நான் மூன்று மணி பஸ்ஸில் மலை இறங்கிவிட்டேன். மிக்சரைக் கோழிக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவர்களும் அதே பஸ்ஸில்தான் இறங்கினார்கள். கோழியை யாரும் வாங்கவில்லையாம்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்து ஆறு தாள் கிழித்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் இரண்டாம் வரியில் ஒரு ஜோக் வந்துவிடுகிறது. நான் வேண்டுமென்று எழுதுவதில்லை. கை தானாகப் போகிறது. என்னை விட்டுவிடு.

தீனா


வெள்ளிமலை
10.8.2025

தீனா,

பார்த்தேன். வாசிப்பை நிறுத்தியிருந்தால் நீ ஏதாவது சொல்லியிருப்பாய். கோழியைப் பற்றி. நான் சிரித்திருப்பேன். அதனால் நிறுத்தவில்லை.

இரண்டாம் வரியில் ஜோக் வந்தால் முதல் வரியோடு நிறுத்து. அடுத்த தாளில் அடுத்த முதல் வரியை எழுது. அப்படியே சேர்த்துக்கொண்டு போ. பசங்களுக்கு நான் அப்படித்தான் சொல்லித் தருகிறேன். மூச்சு தப்பினால் நிறுத்து, மறுபடி எடு.

விட மாட்டேன். எழுது.

வேடியப்பன்


தியாகதுருகம்
19.8.2025

வேடி,

இதை நேற்றே செக் மொழியில் எழுதி பாவெலுக்கு அனுப்பிவிட்டேன். உன் சம்மதத்துக்குக் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் திருத்திவிடுவேன் என்று பயம். தமிழ்ப் பிரதி கீழே.

பாவெலுக்கு,

நான் தீனதயாளன். மொழிப் பள்ளியில் வேடியப்பனின் அறையில் தங்கியிருந்தவன். நிலவறையில் ஓரமாக உட்கார்ந்திருந்தவன்.

உங்கள் வியாழக்கிழமைகளைப் பற்றிப் பள்ளியில் கட்டுரை எழுதியது நான். அதை முதல்வரிடம் கொண்டுபோனது நான். பாட்டுகளின் உண்மையான பெயர்களைச் சொன்னது நான். தெருவை வரைந்து கொடுத்தது நான். என் எழுத்தைப் பாராட்டுகிறார் என்று நினைத்தேன். வேடியப்பனுக்கு இதில் எதுவும் தெரியாது. இந்த ஜூன் மாதம்தான் தெரிந்தது.

போலீஸ் வந்த அன்று மாலையே எனக்குப் புரிந்துவிட்டது. வேடியப்பன் பெட்டி கட்டும்போது நான் அறையில் இருந்தேன். அவனுடைய சட்டைகளை மடித்துக் கொடுத்தேன். சொல்லவில்லை. சொன்னால் என்னையும் அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன்.

1988 நவம்பரில் ப்ராக்கில் ஒரு டிராம் நிறுத்தத்தில் ஜார்மிலாவைப் பார்த்தேன். அவள் கை சோப்பில் வெந்து சிவந்திருந்தது. "உன் நண்பன்தானே சொன்னான்?" என்று கேட்டாள். நான் தோளைக் குலுக்கினேன். ஒரு டிராம் வந்தது. ஏறிவிட்டேன். அது நான் போக வேண்டிய டிராம் இல்லை.

நீங்கள் இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருப்பது அந்தத் தோள் குலுக்கலை. அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

படிப்பை முடித்தேன். வேலை கிடைத்தது. வேடியப்பனுக்குக் கிடைக்கவில்லை. அவன் இன்னும் டிரம்பெட் வாசிக்கிறான். உங்கள் பாட்டு ஏழும் அவனுக்கு நினைவிருக்கிறது. ஒன்றை இந்த மாதம் மூன்றாம் தேதி என் காதால் கேட்டேன்.

தீனதயாளன்

வேடி, இவ்வளவுதான். தங்கமணிக்குப் படித்துக் காட்டினேன். "இத எய்த இம்மாம் நாளா?" என்றாள். பிறகு எனக்குத் தோசை ஊற்றினாள். தோசை கல்லில் ஒட்டிக்கொண்டது. சுரண்டித் தின்றேன்.

தீனா


வெள்ளிமலை
17.9.2025

தீனா,

விசா வந்துவிட்டது. அக்டோபர் ஆறாம் தேதி கிளம்புகிறேன். அருள்மொழி கூட வருகிறாள். விமானத்தில் வாத்தியத்தைக் கையில் வைத்துக்கொள்ள விடுவார்களா என்று தெரியவில்லை. விடாவிட்டால் அவள் சண்டை போடுவாள். செல்லமுத்து அண்ணன் புதிதாக ஒரு உறை தைத்துக் கொடுத்திருக்கிறார். "அங்கயாவது நேரா ஊதுய்யா" என்றார்.

பாவெல் பதில் போட்டிருக்கிறான். எனக்குத்தான், ஜார்மிலா மூலமாக. இரண்டு வரி. 'உன் டிரம்பெட்டைக் கொண்டு வா. இங்கே இருப்பது என் அண்ணனுடையது, களிம்பு ஏறிவிட்டது.' உன்னைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பாய். இல்லை.

டிராம் நிறுத்தம் எனக்கு ஜூன் மாதமே தெரியும். ஜார்மிலா தன் முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாள். அவளுக்கும் அந்தத் தோள் குலுக்கலின் மேல்தான் சந்தேகம். நீயாக எழுதுகிறாயா என்று பார்க்கத்தான் மூன்று மாதம் உன்னை அடித்துக்கொண்டிருந்தேன். ஜூலையோடு விட்டுவிடலாம் என்று ஒரு தடவை நினைத்தேன். அதற்குள் நீ மிக்சரோடு வந்து நின்றாய்.

நீ சட்டை மடித்துக் கொடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. கையை உள்ளே விட்டு மடிக்காமல் சுருட்டித் தந்தாய். டெல்லியில் இறங்கி எல்லாவற்றையும் பிரித்து மறுபடி மடித்தேன். இவனுக்கு ஒரு வேலையும் ஒழுங்காக வராது என்று அப்போது நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

போன் தடையை எடுக்கவில்லை. திரும்பி வந்து பார்க்கலாம். மன்னித்தேன் என்று இதில் எங்கேயும் எழுதவில்லை, கவனித்துப் படி.

உன் தமிழ்ப் பிரதியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மேலே வலது மூலையில் சிவப்பு மையில் 1 போட்டிருக்கிறேன். அது கட்டுரைக்கு, உனக்கு இல்லை.

இந்தத் தடவை அதை எடுத்துக்கொண்டு யாரிடமும் போகாதே.

வேடியப்பன்